வேண்டாம் என்று சொல்லாத பெட்டி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பெர்சி சொன்னாள்: “அண்ணே, நீங்கதான் கதை எழுதுற ஆளாச்சே. என் கதைய எழுதுங்க. கடைசில நான் என்ன செய்றேன்னு எழுதுறீங்களோ, அதையே செஞ்சுர்றேன்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெர்சி எங்கள் வில்லாபுரம் சபைக்காரி. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் தம்பி ஜூடுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. டயாலிசிஸில் காலம் ஓடுகிறது. அக்காவின் கிட்னி பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொடுப்பதா, வேண்டாமா, இதில் கர்த்தருடைய சித்தம் என்ன? அவளுக்கு அது தெரிய வேண்டும். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

2

முதல் வரிக்கே நாக்குத் தள்ளிவிட்டது.

‘அதிகாலையில் முழங்காலில் நின்ற பெர்சியின் காதில் மெல்லிய குரல் ஒன்று—

(நிறுத்திவிட்டேன். அப்படிக் குரல் கேட்டிருந்தால் என்னிடம் ஏன் வரப்போகிறாள்?)

‘ஜூடு செத்துக்கொண்டிருந்தான். அக்கா மட்டும் மனது வைத்தால்—

(இதுவும் ஆகாது. இதைப் படித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடுவாள்.)

மற்றவர்கள் எழுதினால் கதையோடு போகும். நான் எழுதினால் ஒரு பெண்ணின் வயிற்றில் கத்தி வைப்பார்கள், அல்லது அவள் தம்பியைப் பெட்டியில் வைப்பார்கள். சே, எழுத்து என்ன பிழைப்பு!

3

எங்கள் வீடுகளில் வாக்குத்தத்தப் பெட்டி என்று ஒன்று இருக்கும். வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை உருவினால், ஆண்டவர் அன்றைக்கு நம்மோடு பேசிவிட்டார் என்று அர்த்தம்.

பெர்சி உருவினாள். தைரியமாயிரு என்கிற மாதிரி வந்தது. சரி, கொடுக்கச் சொல்கிறார். மறுநாள் உருவினாள். உனக்கு ஒரு சேதமும் வராது என்கிற மாதிரி வந்தது. அப்படியென்றால் கொடுக்க வேண்டாம் என்கிறாரா, கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறாரா?

“எத எடுத்தாலும் ரெண்டுக்கும் பொருந்துதுண்ணே” என்றாள்.

[இடைக்குறிப்பு: அந்தப் பெட்டியை நானும் கொட்டிப் பார்த்தேன். ‘வேண்டாம்’ என்று சொல்கிற அட்டை ஒன்றுகூட இல்லை. திட்டு, எச்சரிக்கை, தண்டனை எதையும் அச்சடிக்க மாட்டார்கள், யார் வாங்குவது? வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பெட்டியிடம் போய் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சபையில் எல்லோரும் செய்கிற தப்புதான்.]

பிறகு ஜெபக்குழுவிடம் போய்க் கேட்டாள்; அதையும் வந்து சொன்னாள். “ஒரு அக்காவுக்குத் தரிசனமாம், குடுக்கச் சொல்லி. இன்னொரு அக்கா, உன் புருசன் பிள்ளையப் பாருன்னு கர்த்தர் சொன்னதாச் சொல்றாக. ஊர்ல எல்லார்ட்டயும் எனக்காகப் பேசுறாரு. எங்கிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அலுத்துப்போச்சுண்ணே.”

4

இந்தப் பெர்சி மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கொடுக்க மனசில்லாமல் ஆண்டவர் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாளோ? கேட்டேவிட்டேன்: “உனக்கு என்ன தாயி வேணும்?”

கோபம் வந்துவிட்டது. “எனக்கு வேணுங்கிறதச் சொன்னா அது சுயசித்தம்பாக. இம்புட்டு வருசமா அதத்தான சொல்லிக் குடுத்தாக? எனக்குப் பயமா இருக்கு. தம்பியும் வேணும். இதுல எது நானு, எது அவருன்னு எனக்கே பிரிக்கத் தெரியல.”

கதாபாத்திரத்தைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் முடிவுகளை எழுத உட்கார்ந்தேன்.

அ) கொடுக்கிறாள். ஜூடு பிழைக்கிறான். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறாள், எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

ஆ) கொடுக்கவில்லை. கல்லறைத் தோட்டம். சபை ஒரு வார்த்தை சொல்லாது. சும்மா பார்க்கும்.

இ) கொடுக்கிறாள், அவன் உடம்பு ஏற்கவில்லை. அப்போது அது யாருடைய சித்த—

(கை ஓடவில்லை.)

5

நேற்று டயாலிசிஸ் படுக்கையிலிருந்து ஜூடு போன் பண்ணினான்.

“அண்ணே, அக்கா உங்களக் கதை எழுதச் சொல்லிருக்காமே. குடுக்க வேணாம்னு முடிச்சிருங்க.”

“உனக்குப் பிழைக்கணும்னு இல்லையாடா?”



“அம்புட்டு ஆசையா இருக்குண்ணே” என்றான். “அதான் சீக்கிரம் எழுதச் சொல்றேன். இன்னும் ரெண்டு நாள் போனா நானே வாய்விட்டுக் கேட்டுருவேன். நான் கேட்டா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா.”

6

ஆக, முடிவு எழுதக் கூடாது என்று தீர்மானித்தேன். நான் இன்னொரு அட்டையாக மாட்டேன். ஆனால் ஐந்தாம் பகுதியை என்ன செய்வது? அதைப் படித்த பிறகு பெர்சிக்கு ஜெபமே வேண்டாம், கொடுத்துவிடுவாள். அதை எடுத்துவிட்டால், தம்பி ஆசையை நான் மறைத்த மாதிரி. வைத்தாலும் முடிவு, எடுத்தாலும் முடிவு.

நானும் முழங்கால் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். வாசலில் மீன்காரர் மணிதான் கேட்டது.

பெர்சி வந்துவிட்டாள். வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டே, “எழுதியாச்சாண்ணே?” என்கிறாள். ஐந்தாம் பகுதி எழுதிய தாள் தனியாக என் கையில் இருக்கிறது. நீங்கள் படித்துவிட்டீர்கள். அவள் படிக்கலாமா?