ஐந்து டிக்கெட்டுக்கு ஒரு டைம்டேபிள்

அருண்பிரசாத்துக்கு மாற்றல் உத்தரவு செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது. தீவுக்கூட்டத்தின் வடகோடியில், திக்லிபூர் பக்கத்துப் படகுத்துறை ஜெட்டியில் ஒரு வருட வேலை. இப்போது தெற்கே ஹேடோ துறைமுக அலுவலகத்தில் எந்தக் கப்பலை எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கட்ட வேண்டும் என்று தினமும் அட்டவணை போடுகிறவர் அவர். ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் "மாறுதலுக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மாற்றல் உத்தரவில் அப்படி ஒரு வரி இல்லை.

குடும்பத்தை விட்டுவிட்டுப் போனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். பஸ்ஸில் வந்தால் ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். கப்பலில் வந்தால் கப்பல் கிளம்புகிற நாளைப் பொறுத்தது. அழைத்துக்கொண்டு போனால் பிள்ளைகளின் படிப்பு என்னாவது? ஐந்தாம் வகுப்பு சங்கவியையும் இரண்டாம் வகுப்பு கோகுலையும் பாதி வருடத்தில் பெயர்த்து, அடுத்த செப்டம்பரில் மறுபடி பெயர்க்க வேண்டும். கடைக்குட்டி அலமுவுக்கு நான்கு வயது. அவளைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அவளுக்கும் இல்லை.

அவர் மனைவி நளினிதான் மூன்றாவது வழியைச் சொன்னாள். ஒரு வருடம் வீட்டிலேயே பாடம். பள்ளித் தலைமை ஆசிரியை, திரும்பி வரும்போது ஒரு தேர்வு வைப்பதாகவும், தேறினால் அப்போது இருக்க வேண்டிய வகுப்பிலேயே சேர்த்துக்கொள்வதாகவும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"மூணு பேருக்கும் நீ ஒருத்தியே?" என்றார் அருண்பிரசாத்.

"பின்ன, மெயின்லேண்ட்ல இருந்து ஆள் இறக்கவா?"

"தேறலைன்னா ஒரு வருஷம் போச்சு."

"தனியா போனீங்கன்னா மட்டும் ஒரு வருஷம் போகாதா?"

அவர் சாப்பிட்ட தட்டோடு எழுந்து போனார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நிபந்தனையைச் சொன்னார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கப்பல் டிக்கெட் கவுன்டர் திறக்கும். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நளினி போடும் டைம்டேபிளை வீட்டில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பது. ஓடினால் ஐந்து டிக்கெட். ஓடாவிட்டால் ஒன்று.

நளினி தாவரவியல் படித்தவள். ஒரு வகுப்பையும் நடத்தியதில்லை. ஆனால் கோயம்புத்தூரில் அவள் சித்தி மகள் ப்ரியங்கா இரண்டு வருடமாக வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். வாட்ஸ்அப்பில் கேட்டதும் அவளுடைய வருடத் திட்டம் வந்துவிட்டது, நாற்பத்திரண்டு பக்கம். நளினி ஒரு சார்ட் பேப்பர் வாங்கினாள். ஆளுக்கு ஏழு பீரியட், மூன்று நிறம், மொத்தம் இருபத்தொரு கட்டம். காலை எட்டரைக்கு ஆரம்பம். கீழே வருடத்தின் பன்னிரண்டு மாதமும், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தலைப்பும்.

பக்கத்து வீட்டு ஸ்வப்னா குக்கர் மூடியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் சார்ட்டைப் பார்த்து நின்றாள். அவள் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்தத் தீவில். ஹிந்தியும் தமிழும் அவளுக்கு ஒரே பாத்திரத்தில் வேகும்.

"யே க்யா ஹை, பாபி? கப்பல் ப்ரோகிராம் மாதிரி இருக்கு."

"ஸ்கூல் டைம்டேபிள்."

"கிஸ்கா ஸ்கூல், யாருக்கு? பச்சோங்க மூணு பேருக்கா, உனக்கா?" அவள் விரலால் கட்டங்களை எண்ணினாள். "இதுல நீ எப்ப சாப்பிடற?"

நளினி தேடிப் பார்த்தாள். அந்தக் கட்டம் இல்லை.

சனிக்கிழமை அருண்பிரசாத் கண்ணாடி போட்டுக்கொண்டு சார்ட்டின் முன் நின்றார். அலுவலகத்தில் நிற்பது போலவே கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

"நுண்தசைப் பயிற்சி, இருபது நிமிஷம். அப்படின்னா?"

"அரிசியில பயறைக் கலந்து குடுத்து அலமுவைப் பிரிக்கச் சொல்றது."

"சமையல்னு எழுத வேண்டியதுதானே." அடுத்த வரிசைக்குப் போனார். "ஒம்பதுல இருந்து ஒம்பதரை சங்கவிக்குக் கணக்கு. அப்ப மத்த ரெண்டு பேரும்?"

"தானே படிப்பாங்க. ப்ரியங்கா பிள்ளைங்க படிக்குது."

"நளினி, இது ஒரே ஜெட்டி, மூணு கப்பல். ஒண்ணு கட்டினா மத்த ரெண்டும் வெளியில நங்கூரம் போட்டு நிக்கணும்."

"நிக்கட்டும்."

"கப்பல் நிக்கும். கோகுல் நிப்பானா?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அருண்பிரசாத் எழுந்ததும் வழக்கம்போலச் சட்டைப்பை டைரியைத் திறந்தார். துறைமுகத்தில் பதினான்கு வருடம் இருந்ததில், கண்ணில் பட்டதை எல்லாம் நேரம் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாண வீடுகளில்கூடத் தாலி கட்டிய நேரத்தை அவரிடம்தான் கேட்பார்கள்.

எட்டரைக்கு நளினி மணி அடித்தாள். அதாவது டம்ளரில் ஸ்பூனால் தட்டினாள். பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அருண்பிரசாத் மூலை நாற்காலியில் டைரியோடு.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அவருடைய டைரியே சாட்சி.

"0830 தொடக்கம். 0834 கோகுல், பானி குடிக்க எழுந்தான். 0841 கோகுல், மறுபடி பானி. 0850 அலமு பயறு பிரிப்பு. 0855 பயறு மூக்கில். 0858 எடுக்கப்பட்டது. 0905 சங்கவி பின்னக் கணக்கு. கோகுல் அவள் ரப்பரை ஒளித்தான். 0907 சண்டை. 0910 அலமு உறக்கம், பாயிலேயே. 0925 சங்கவி கொட்டாவி. 0926 கோகுல் கொட்டாவி. 0927 நளினியும்."

பதினொரு மணிக்கு மேல் குறிப்புகள் சுருங்கிவிட்டன. "1120 ஆளுக்கொரு பக்கம்" என்று மட்டும் ஒரு வரி இருந்தது.

மிச்சம் இருந்தது மாலை ஆறு மணிக்கு இயற்கை நடை. ப்ரியங்காவின் திட்டத்தில் எல்லாவற்றையும்விட நளினிக்குப் பிடித்த கட்டம் அது. இலைகளின் நிறங்களைப் பார்த்து எழுதுவது. தாவரவியல் படித்தவளுக்கு ஆசை இருக்காதா? ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாள். வெளியே கும்மிருட்டு.

இந்தத் தீவில் ஐந்தரைக்கு விளக்குப் போட வேண்டும் என்பது பதினோரு வருடமாக நளினிக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஓடும் அதே கடிகாரம்தான் இங்கேயும், ஆனால் சூரியன் கடிகாரத்தைப் பார்த்து விழுவதில்லை. ப்ரியங்காவின் திட்டத்தைப் பிரதி எடுத்தபோது கோயம்புத்தூர் வெயிலையும் சேர்த்து எடுத்திருந்தாள்.

"டார்ச் எடுத்துட்டு வரவா?" என்றாள் சங்கவி.

போனார்கள். குவார்ட்டர்ஸ் மேட்டைச் சுற்றி ஒரு நடை. கோகுல் ஒரு தவளையை மிதிக்காமல் தப்பித்தான். ஒரு நாய் கூடவே வந்து எல்லாவற்றையும் கவனித்தது. வீடு திரும்பி சங்கவி நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: "இலைகளின் நிறம்: கறுப்பு."

சாப்பாட்டுக்குப் பின் அருண்பிரசாத் டைரியை எடுத்தார். எட்டரையில் ஆரம்பித்து, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் கடைசி வரை வாசித்தார். பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் வருவது பெருமையாக இருந்தது. "பயறு மூக்கில்" வந்தபோது அலமு கை தட்டினாள். நளினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணும்னு சொல்லலை," என்றார் அவர், டைரியை மூடியபடி. "ஒரு டிக்கெட்தான் எடுக்கணும் போல."

"அதைக் குடுங்க இங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

அவள் எட்டரையைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் பின்னால் திருப்பினாள். அங்கேயும் எழுத்து இருந்தது. அவர் எட்டரைக்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தார். சோதனை ஓட்டம் எட்டரைக்குத்தான் என்பதால் வாசிக்கும்போது அதை விட்டுவிட்டார். நளினி சத்தமாக வாசித்தாள்.

"0505 மூவரும் எழுந்தனர். 0512 அலமு பல் துலக்க மறுப்பு. 0520 சங்கவி அலமுவுக்குக் கதை வாசித்தாள், பதினோரு பக்கம். அலமு இரண்டு இடத்தில் திருத்தினாள். 0545 கோகுல் பால்கனியில். கப்பல் எண்ணினான். கட்டியது இரண்டு, வெளியே மூன்று. கன்டெய்னர் ஒரு வரிசைக்கு ஆறு, நாலு வரிசை, மொத்தம் எத்தனை என்று கேட்டான். சொல்லவில்லை. 0553 இருபத்துநாலு என்றான்."

நளினி நிறுத்தினாள். "இவனுக்குப் பெருக்கல் இன்னும் யாருமே சொல்லிக்குடுக்கலை."

"எண்ணியிருப்பான்," என்றார் அருண்பிரசாத்.

"எண்ணலை," என்றான் கோகுல். "ஆறு, ஆறு, ஆறு, ஆறு."

அவள் தொடர்ந்தாள். "0610 சங்கவி கேட்டாள்: கப்பல் பக்கத்தில் எழுதியிருக்கும் நம்பர் நேற்று தண்ணீருக்குள் இருந்தது, இன்று எப்படி வெளியே வந்தது? பைனாகுலர் கொடுத்தேன். சரக்கு இறங்கினால் கப்பல் ஏறும் என்று விளக்கினேன். வாளியில் கிண்ணம் மிதக்கவிட்டுக் காட்டினேன். 0655 வரை. கிண்ணத்தில் அலமு தக்காளி ஏற்றினாள். ஐந்தாவது தக்காளிக்குக் கிண்ணம் மூழ்கியது."

"அது சும்மா," என்றார் அவர். "ஸ்கூல் எட்டரைக்குத்தானே."

"எட்டரைக்கு அப்புறம் நடந்ததுதாங்க சும்மா. இதுங்க எழுந்து மூணரை மணி நேரம் ஆனபிறகு நான் மணி அடிச்சிருக்கேன். ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் ஸ்கூலைத் திறந்திருக்கேன்." டைரியை அவர் பக்கம் திருப்பி விரல் வைத்தாள். "அப்புறம், ஒரே ஜெட்டின்னு சொன்னீங்கள்ல. எண்ணிப் பாருங்க. சங்கவி அலமுவைப் பாத்துக்கிட்டா. நீங்க கோகுலைப் பாத்தீங்க, அப்புறம் மூணு பேரையும். நான் அப்ப சமையல்கட்டுல இட்லி ஊத்திட்டிருந்தேன். நிம்மதியா."

அருண்பிரசாத் டைரியை வாங்கி, தன் கையெழுத்தைத் தானே முதல்முறை பார்ப்பதுபோல வாசித்தார். வாளியும் கிண்ணமும் ஒரு பாடம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. திக்லிபூரில் தனியாக இருந்தால் காலை ஐந்தே காலுக்கு டைரியில் என்ன எழுதுவது என்றும் நினைத்திருக்கவில்லை.

"திரும்பி வந்ததும் ஸ்கூல்ல டெஸ்ட்?" என்றார் கடைசியில். குரலில் பாதிதான் இருந்தது.

"ஒம்பது பத்துக்கு அலமு தூங்கிருவா, நீங்களே எழுதியிருக்கீங்க. எழுந்திரிக்கிற வரைக்கும் பெரியவங்க ரெண்டு பேருக்கும் பாடப்புத்தகம். முதல்ல சங்கவி, அப்புறம் இவன். ஒரு நேரத்துக்கு ஒரு கப்பல். மாசக் கடைசியில பழைய கேள்வித்தாள்."

"எனக்கு எட்டு மணிக்கு ஆபீஸ்."

"ஏழரைக்கு விட்டுர்றேன்."

"அப்பா, அங்கயும் பால்கனியில இருந்து கப்பல் தெரியுமா?" என்றான் கோகுல்.

"ஜெட்டிக்கு எதிர்லதான் குவார்ட்டர்ஸ். பெரிய கப்பல் கம்மி. போட் நிறைய வரும்."

"அப்ப கன்டெய்னர் வரிசை இல்ல, கூட்டல்தான்," என்றான் கோகுல், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

நளினி சார்ட்டைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டாள். இருபத்தொரு கட்டம் ஆறாகியது. ஐந்தே காலிலிருந்து ஏழரை வரை ஒரு பெரிய கட்டம், அதில் அருண்பிரசாத் என்று எழுதினாள். இயற்கை நடை மூன்றரை மணிக்கு மாறியது. ஜூன் மாதத்துக்கு ப்ரியங்கா எழுதியிருந்த "மழையை எதிர்பார்த்தல்" என்ற தலைப்பை அடித்துவிட்டு "துணி காயாதது ஏன்" என்று போட்டாள். இங்கே மே மாதமே மழை வந்துவிடும். கடைசிக் கட்டத்தில் தன் சாப்பாட்டை எழுதினாள்.

மறுநாள் காலை அவர் கவுன்டருக்குப் போனார். ஒன்பதே முக்காலுக்கு நளினியின் போனில் ஒரு செய்தி வந்தது. "0945. ஐந்து."

மாலையில் வீட்டுக்கு வந்தவர் டிக்கெட்டுகளை அலமாரியில் வைத்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் சார்ட்டின் முன் போய் நின்றார். பேனாவை எடுத்தார். அடியில் "மாறுதலுக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோகுல் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்தான். "மத்லப்? அப்படின்னா என்ன?"

"மத்லப், அலமு எப்ப வேணும்னாலும் தூங்கலாம்."

"நான்?"

"நீ தண்ணி குடிக்கலாம். ரெண்டு தடவை."