மாத்திரைக்கும் ஒரு சோதனை அட்டை

மெத்தைத் தொழிற்சாலையில் படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிற ஒரே மனிதர் அவர்தான். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும், வேலை லேசானதல்ல. ஒவ்வொரு மெத்தையிலும் மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று மூன்று விதமாகப் படுக்க வேண்டும். பிறகு நடுவில் முஷ்டியால் அழுத்திவிட்டு, பள்ளம் நிமிர எவ்வளவு நேரமாகிறது என்று வாய்விட்டு எண்ண வேண்டும். மூன்றுக்குள் நிமிர்ந்தால் ‘ஏற்பு’, அதைத் தாண்டினால் ‘திருப்பு’ என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பரிசோதகர் தூங்கிவிடக் கூடாது.

அவர் மனசு ஏறினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறும், இறங்கினால் பாதாளத்தில் போய்ப் பாய் விரித்துப் படுக்கும். அப்படிப்பட்டவரை டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை தரையில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒன்பது மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வீடே அப்பாடா என்று மூச்சு விட்டது.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய அண்ணன் செத்துப்போனார்.

கூடிநின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். பரிசோதகருக்கு ஒரு சொட்டு வரவில்லை. வந்திருந்தால் அடுத்த காரியத்தைச் செய்திருக்க மாட்டார். சவப்பெட்டி அருகே போனார், அண்ணனின் தோளுக்குப் பக்கத்தில் இருந்த பஞ்சு மெத்தையில் முஷ்டியை வைத்து அழுத்தினார், “ஒண்ணு... ரெண்டு... மூணு...” என்று எண்ணத் தொடங்கினார். ஏழு வரைக்கும் போனார். “மட்டமான பஞ்சு அண்ணி. திருப்பி அனுப்பிடலாம்” என்றார்.

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி. அழுதுட்டு வாங்க. அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்காதீங்க.”

அந்தப் பேச்சு அவரைச் சுட்டது என்று சொல்ல முடியாது. சுட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை.

மறுவாரமே டாக்டரிடம் போய், “எனக்கு அழணும். அழற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க” என்று கேட்டார்.

“அழறதுக்குன்னு மாத்திரை கிடையாது. வேற மாத்திரைக்கு மாத்திப் பாக்கலாம். ஆனா தூக்கம் குறையலாம். தூக்கம் கெட்டா உங்களுக்கு ஆபத்து. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. தினமும் எப்படி இருந்துச்சுன்னு குறிச்சு வையுங்க.”

குறித்து வைப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தொழிற்சாலையிலிருந்து ஒரு கட்டு சோதனை அட்டையை எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தார். அவளும் சளைத்தவளா? ராத்திரி எத்தனை தரம் புரண்டார், காலையில் திட்டினால் முகம் வாட எத்தனை எண்ணிக்கை, வாடிய முகம் நிமிர எத்தனை எண்ணிக்கை என்று ஒன்று விடாமல் எழுதினாள். வெள்ளை மாத்திரையின் கடைசி அட்டையில் இப்படி இருந்தது: ‘புரளல் இல்லை. திட்டினேன். அழுந்தவே இல்லை. பலகை.’

பிறகு மஞ்சள் மாத்திரை வந்தது. தூக்கம் சொல்லாமல் கொள்ளாமல் போனது. அழுகையோ அணை உடைத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு சைக்கிள் பஞ்சரானதற்கு அழுதார். பல் துலக்கும் பிரஷ்ஷில் மயிர் உதிர்ந்ததற்கு அழுதார். அண்ணனை நினைத்தால் மட்டும் கண் காய்ந்துவிடும். இது என்ன நியாயம்? தொழிற்சாலையில் ஒரே நாளில் அறுபத்திரண்டு மெத்தைகளைத் திருப்பினார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் கண்ணீர் வழிய வழிய அண்ணி வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்த அண்ணியின் முகம் இளகியது.

“அழுதுட்டீங்களா தம்பி! எதை நினைச்சு அழறீங்க?”

பரிசோதகர் வாழ்நாளில் ஓர் அட்டையில்கூடப் பொய் எழுதாதவர். “சட்டைப் பொத்தான் தொலைஞ்சு போச்சு அண்ணி” என்றார்.

கதவு சாத்திய சாத்தில் நிலைப்படி அதிர்ந்தது.

மனைவி அட்டைக் கட்டோடு டாக்டரிடம் போனாள். “தூங்கி நாலு நாளாச்சு டாக்டர். பலகையா இருந்தா எனக்குப் புருஷன் இல்ல, இப்படியே போனா அவருக்கே அவர் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுஷன் இருந்தாரு, அவரைத் தேடிக் கொடுங்க.”

டாக்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ‘பலகை’ வந்த இடத்தில் அடிக்கோடிட்டார். ராத்திரிக்கு வெள்ளையில் பாதி, காலைக்கு மஞ்சளில் கொஞ்சம் என்று எழுதினார். ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டுக் கொடுத்தார். “பொறுமையா இருங்க. இது கறிக்கு உப்பு பாக்கற மாதிரி. ஒரே நாள்ல பிடிபடாது” என்றார்.

ஆறு வாரம் ஆனது. ஆறு மணி நேரத் தூக்கம் திரும்பி வந்தது. பொத்தான்கள் தம் பாட்டுக்குத் தொலைந்தன, அவர் அழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு, யாரும் மூட்டாமலே அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. யார் மேல் என்று யோசித்தார். அண்ணன் மேல்தான்! வாயில் நுரையோடு அப்படியே நடந்தார். அண்ணி வீட்டுக் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

“ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னான் அண்ணி! வாய் கூசாம சொன்னான்! எத்தனை ஞாயிறு போச்சு? இவனை நம்பி நான் எங்கயும் போகாம உக்காந்திருந்தேன். வர முடியாதவன் எதுக்குச் சொல்லணும்?”

தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. கதவும் திறந்தது. அண்ணி விலகி வழிவிட்டாள்.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குப் பயம் வந்தது. “நான் இன்னும் அழல அண்ணி. முன்னாடியே சொல்லிடறேன்.”

“தெரியுது” என்றாள் அண்ணி. அவளும் எதிரில் உட்கார்ந்தாள். “நானும்தான் அழல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரல. மாத்திரை மருந்து ஒண்ணுமில்லாமலே வரல. கட்டினவ இப்படி மரமா நிக்கறாளேன்னு ஊர் பேசுமேன்னு முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டேன். நீங்க அழுதா, அதைப் பாத்தாவது எனக்கு வருமோன்னுதான் அப்படிச் சொன்னேன். உங்க மேல கோபமில்ல தம்பி.”

பரிசோதகருக்கு நெஞ்சு வலித்தது. வலிக்கிறது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. “தூங்கறீங்களா அண்ணி?” என்று கேட்டார்.

“எங்க தூங்கறது? உங்ககிட்ட ஞாயித்துக்கிழமை வரேன்னாரு. என்கிட்ட, இதோ கடைக்குப் போயிட்டு வந்துடறேன்னாரு. கதவைத் தாப்பாள் போடாம உக்காந்திருக்கேன்.”

“பொய்யன்” என்றார் அவர்.

“புளுகு மூட்டை” என்றாள் அண்ணி.

அதன் பிறகு இருவரும் அந்த மனிதரை மாறி மாறித் திட்டினார்கள். வாங்கிய குடையைத் திருப்பித் தராதது, சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வராதது என்று வண்டி வண்டியாகக் குறைகள் வந்தன. நடுவில் எங்கோ இருவருக்கும் குரல் உடைந்தது. முதலில் அழுதது யார் என்று பிறகு மனைவி கேட்டபோது, அவர் அண்ணியைக் காட்டினார், அண்ணி அவரைக் காட்டினாள்.