ஆணை போய்ச் சேராத குதிரைப்படை

உமைமாவின் வீட்டுக் கூடத்தில், அட்டையில் வரைந்த ஆற்றங்கரையில், எழிலரசியின் குதிரைப்படை மூன்றாவது முறையாக நகராமல் நின்றது.

இருவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர்கள். ஞாயிறு மதியங்களில் போர் விளையாட்டு ஆடுவார்கள். இணையத்திலிருந்து விதிகளை எடுத்து எழுதியவள் உமைமா. தோல் துண்டுகள்தான் படைகள். தளபதிக்கு ஒரு ஷூ பக்கிள். படையை நகர்த்தும் முன் பகடை உருட்ட வேண்டும். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால்தான் தளபதியின் ஆணை போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்.

இந்த முறை இரண்டு. உமைமாவின் காலாட்படை பாலத்தைப் பிடித்தது. ஆட்டம் முடிந்தது.

"இன்னாடி இது, பேஜாரு! தளபதி நான். சொன்னா போவ மாட்டானா?"

"நெஜ சண்டையிலயும் அப்படித்தான் எழில். சொன்னதெல்லாம் நடக்காது."

"நடக்கலன்னா ஒரு காரணம் இருக்கும்ல? பகடையா காரணம்?"

உமைமா தோல் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். எழிலரசியை அந்தக் கேள்வி விடவில்லை. திங்கள் முதல் தையல் லைனில் தான் சொல்லும் ஒவ்வொரு வேலையையும் சின்ன நோட்டில் குறித்தாள். சனிக்கிழமைக்குள் நாற்பத்தாறு. பதினொன்று சொன்னபடி நடக்கவில்லை. அவற்றில் பத்து, லைனில் எடுபிடி வேலை பார்க்கும் கௌதமிடம் சொல்லி அனுப்பியவை. கறுப்பு நூல் என்று அனுப்பியது பிரவுன் நூலாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

நேரில் சொல்லியும் நடக்காதது ஒன்றே ஒன்று. தைக்கச் சொல்லியிருந்த தில்ஷாத் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னது கேக்கலயா?"

"கேட்டுச்சிக்கா." தில்ஷாத் தோலை மடித்துக் காட்டினாள். மடிப்பில் பூச்சு வெடித்தது. "இதைத் தெச்சா மொத்தமும் ரிஜெக்ட் ஆவும். அதான் நிறுத்திட்டேன்."

கோபம் வரும் என்று எழிலரசியே நினைத்தாள். வரவில்லை. அதை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு புது விதியோடு வந்தாள்.

"பக்கிளுக்குப் பக்கத்துல இருக்கிற படைக்கு ரெண்டு விழுந்தாலே போதும். தூரமா இருந்தா அஞ்சு வேணும். ஒண்ணு விழுந்தா அந்தப் படையோட ஆபீசர் தன் புத்திக்குப் பட்டதைச் செய்வாரு. இன்னான்னு எதிராளி சொல்லணும். அவரு நிக்கிற எடத்துலருந்து பார்த்து, நேர்மையா."

"நானா? உன் படையை ஆத்துல தள்ளிடுவேன்."

"தள்ளு, பார்க்கலாம்."

ஆற்றைக் கடக்கும்படி குதிரைப்படைக்கு ஆணையிட்டாள். ஒன்று விழுந்தது. அக்கரை மேட்டுக்குப் பின்னால் உமைமாவின் இரண்டு படைகள் காத்திருந்தன. உமைமா அட்டையில் மோவாயை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"மேட்டுக்கு அந்தாண்ட தூசி கெளம்புது. உன் ஆபீசர் ஆத்துல எறங்க மாட்டான். பாலத்துக்குத் திரும்பிடுவான்." அவளே குதிரைப்படையைப் பின்னால் நகர்த்தினாள்.

ஆனாலும் எழிலரசி தோற்றாள். குதிரைப்படையின் அருகிலேயே தளபதியை வைத்திருந்ததால் இடப்பக்கப் படைகளுக்கு ஆணை எட்டவில்லை. இந்தத் தோல்வி அவளை உறுத்தவில்லை.

"உன் பொறியை நீயே கெடுத்துக்கினியே, ஏன்டி?"

"அங்க நின்னு பார்த்தா அப்படித்தான் தோணுச்சி."

எழிலரசி அட்டையைத் திருப்பி வைத்தாள். "இப்ப இந்தப் பக்கம் உனக்கு. உன் ஆபீசருங்க இன்னா பண்றாங்கன்னு நான் பார்க்கணும்."