நாலு விரல் இடைவெளி

மருத்துவமனை வளாகத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தில், தன் பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்தான் கம்போன். காலை வெயில் அதற்குள்ளேயே சுள்ளென்று அடித்தது. மேலே மாடியில் அவன் அப்பா லுவான் படுத்திருந்தார். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போவதானால் இன்றே போங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

போகத்தான் வேண்டும். வெளியில் உயிர் போனவரை வீட்டுப் படியேற்றும் வழக்கம் கலாசின் மாகாணத்துப் பக்கத்தில் அவர்கள் ஊரில் கிடையாது. நேரே கோயில் கொட்டகைக்குத்தான். தன் கையால் மரம் இழைத்துக் கட்டிய வீட்டில் ஒரு பொழுதாவது படுக்காமல் போகமாட்டேன் என்று லுவான் அடித்துச் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "நம்ம வண்டியிலதான் வருவேன்."

அந்த வண்டியைத்தான் மகன் கெடுத்து வைத்திருந்தான். பிக்கப்பின் மூக்கு தரையை முகர வேண்டும் என்று அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு கிறுக்கு. முன்சக்கரங்களைத் தாங்குவது அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு முறுக்குக் கம்பிகள். ஒவ்வொன்றின் பின்முனையிலும் ஒரு பெரிய போல்ட். இறுக்கினால் மூக்கு தூக்கும், தளர்த்தினால் இறங்கும். பையன் என்று சொல்லும் வயதெல்லாம் தாண்டிய கம்போனும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாதபடி தளர்த்திவிட்டு ஊரைச் சுற்றினான். "தவளை மேல ஏறிப் போக எனக்கு என்னடா தலையெழுத்து?" என்று அன்றைக்கு இறங்கியவர்தான் லுவான். வயலுக்குக்கூட நடந்தே போனார்.

இப்போது ஊருக்குள் போகும் மண்சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நேற்றுக் காலி வண்டியே குழிக்குக் குழி வயிறு இடித்தது. அந்த இடியெல்லாம் படுத்திருப்பவரின் எலும்பில்தான் இறங்கும். கம்போன் ஜாக்கி போட்டுத் தூக்கி, துருவேறிய போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு, பயத்தில் இறுக்கினான், இறுக்கினான், இறுக்கிக்கொண்டே போனான்.

அத்தையின் கணவர் கென்னைப் பின்னால் உட்காரவைத்து வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். வேகத்தடையில் ஏறி இறங்கியதுமே கூச்சல் வந்தது.

"நிறுத்துடா பாவி! எனக்கு இருக்கிறதே நாலு பல்லு, அதையும் இங்கயே கொட்ட வச்சிடுவ போல."

"தரையில இடிக்காது மாமா."

"இடிக்காது, தூக்கிப் போடும். சக்கரம் கீழ இறங்க இடமே விடாம முறுக்கி வச்சா வேற என்ன ஆகும்? உங்கப்பன் மனுஷன்டா, மூட்டை இல்ல."

திரும்ப அடியில் புகுந்து தளர்த்தினான். இரண்டு பக்கமும் நாலு விரல். முன்னும் பின்னும் உருட்டி, படிந்ததா என்று பார்த்தான். நிம்மதியாக எழுந்தபோது அத்தை பூன்ஹோம் பாயும் தலையணையுமாக வந்தாள், பின்னாலேயே உறவுக்கூட்டம். சாகப்போகிறவரைத் தனியாக அனுப்ப யாருக்கு மனசு வரும்? எல்லாரும் திமுதிமுவென்று பின்னால் ஏறினார்கள். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தது, முன்பக்கம் வானம் பார்த்தது. கம்போன் தலையில் அடித்துக்கொண்டான். காலி வண்டிக்கு அளவெடுத்திருக்கிறான்.

"எல்லாரும் அப்படியே இருங்க. அசையாதீங்க, அளவு பாக்கணும்."

"ஏன்டா, போட்டோவா எடுக்கப் போற?" என்றாள் அத்தை.

பார்த்துவிட்டு இறங்கச் சொன்னான். போல்ட்டைத் திருகினான். ஏறச் சொன்னான். மறுபடி இறங்கச் சொன்னான்.

"எங்க மாமியார்கூட என்னை இந்தப் பாடு படுத்தல" என்று முனகிக்கொண்டே அத்தை ஏறினாள். ஆனால் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆள் பாரத்தோடு நாலு விரல் வந்த பிறகுதான் அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

லுவானைத் தூக்கி வந்து பின்னால் விரித்த பாயில் கிடத்தினார்கள். தலை அவருடைய அக்கா பூன்ஹோமின் மடியில். அவர் கண்ணைத் திறந்து மகனைத் தேடினார்.

"தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேம்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது போதும் என்று கம்போனுக்கு இருந்தது. "வலிச்சா கூரையில தட்டுங்க அத்தை, உடனே நிறுத்திடுறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

மண்சாலையில் முதல் குழியிலேயே கூரையில் தட்டு விழுந்தது. நிறுத்தினான். அப்பா முனகுவது கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து, இன்னும் மெதுவாக நகர்த்தினான். ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வண்டி மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறியது. தட்டு விழவில்லை. அத்தையின் குரல் மட்டும் கேட்டது. "தம்பி, பாலம் வந்தாச்சு, பாத்து வா. இதோ நம்ம கரும்புக்காடு. இதோ வீடு தெரியுது." அத்தை பேசுகிறாள், அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். வலியில்லாமல் கொண்டுவந்துவிட்டேன் என்று கம்போன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சந்தோஷத்தில் அழுதான்.

வீட்டு வாசலில் ஊர்த்தலைவர் ஸவாங் நாலு பேரோடு காத்திருந்தார். கம்போன் ஓடிப்போய்ப் பின்கதவை இறக்கினான். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் நெஞ்சு அசையவில்லை.

அத்தை குனிந்து, அவன் காதுக்கு மட்டும் சொன்னாள். "பாலத்துக்கு முன்னாடியே போயிட்டான். உயிரு வழி தவறி நின்னுடக் கூடாதுன்னுதான் பேசிக்கிட்டே வந்தேன்."

"ஏன் தட்டல?"

"தட்டினா நீ நிறுத்தியிருப்ப. நடுரோட்டுல செத்தவனா ஆகியிருப்பான்."

"வண்டி தூக்கிப் போட்டுச்சா அத்தை? அதனாலயா?"

"இல்லடா. தூங்குற மாதிரி போனான்." சொல்வதற்கு முன் அவள் சற்றுத் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை இனி ஆயுசுக்கும் சுமக்கப் போகிறோம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்தது.

"என்னப்பா, உயிர் இருக்கா? மேல ஏத்தலாமா?" என்று படியடியிலிருந்து கேட்டார் ஸவாங்.

வண்டியில் இருந்த அத்தனை பேரும் கம்போனைப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"இருக்கு. தூங்குறாரு. மெதுவாத் தூக்குங்க, அப்பாவுக்கு வலிக்கும்."