முழங்கால் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த பிணப்பையின் ஜிப்பைத் தொடை வரைக்கும் இறக்கிய பள்ளிவாசல் ஆள், அதற்குக் கீழே போகாமல் கையை எடுத்துக்கொண்டார். தொடை வரை ஏறியிருந்த இடது கால் கட்டுத்துணியில் கறுப்பாக நீர் கசிந்திருந்தது. முப்பது வருஷமாக மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர், இப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை.

இறந்த பக்கீர் முகமதுவின் அண்ணன் ரெண்டடி தள்ளியே நின்றார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மண்ணில் கையைத் தட்டி முகத்திலும் கையிலும் தடவி விட்டால் போதும், மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றார். கிருமி என்ற சொல் காலையிலேயே அந்தப் பெருங்களத்தூர் சந்து முழுக்கப் பரவியிருந்தது.

நூர் பீவி, குளிப்பாட்டக் கட்டியிருந்த திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஆஸ்பத்திரில கேட்டுகினுதான் வந்தேன் மச்சான். ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டாதாம். கிளவுசு போட்டுக்கினா போதுமாம். நீங்க வெளிய இருங்க. எம் புருசனுக்கு நான் ஊத்துறேன்."

டாக்டர் அவளுக்குப் புரியும்படிதான் சொல்லியிருந்தார். யாரும் கொண்டுவந்து கலந்த விஷமில்லை அது. ஆறும் கடலும் சேருகிற உப்புத் தண்ணீரில் நண்டும் மீனும் போல அதுவும் தானாக வாழ்கிற கிருமி. வெயில் காலத்தில் பெருகும். நல்ல உடம்பை அநேகமாக ஒன்றும் செய்யாது. இவரைப் போலப் பழைய காமாலையில் கல்லீரல் கெட்டுப்போன ஆளுக்குக் காயத்தின் வழியாகப் புகுந்தால் ரெண்டு மூணு நாள்தான்.

வாளியை இழுத்து வைத்துவிட்டு, "அசாரு, வாடா, மக்கு எடு" என்றாள்.

மோட்டார் மேடைக்குப் பக்கத்தில் நின்ற மகன் அசையவில்லை. பெரியப்பாவைப் போல இவனும் பயப்படுகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது பயமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த அத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, காயத்தைப் பார்த்த டாக்டர் அசாரிடம்தான் கேட்டார், கடலில் இறங்கினாரா என்று. இல்லை சார், திருமுடிவாக்கத்தில் ஃபேப்ரிகேஷன் வேலை, தகடு கிழித்திருக்கும் என்றான். தகடு கிழிக்காத நாள் அவருக்கு ஏது? ஞாயிற்றுக்கிழமை நண்டு பிடிக்க முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறங்கியதும், சிப்பி ஓடு கணுக்காலை அறுத்ததும், புதன்கிழமை கால் கறுத்துக் கொப்புளித்த பிறகுதான் நூர் பீவிக்கு உறைத்தது. அதற்குள் ஒரு ராத்திரி போயிருந்தது.

கடல் என்றால் பக்கீர் முகமதுவுக்குப் பயம். கோவளத்தில் பிள்ளைகளை அலை பக்கமே விடமாட்டார். இழுத்துக்கினு போயிடும் என்பார். கழி அப்படியில்லை. அலை கிடையாது, இழுப்பு கிடையாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிம்மதியாக நடப்பார்.

அசார் திரை ஓரம் வரை வந்தான். சத்தமே இல்லாமல் சொன்னான்:

"எறங்கலன்னு நாந்தான்மா சொன்னேன். கழின்னு சொல்லியிருந்தா அன்னிக்கே மருந்த மாத்தியிருப்பாங்க."

அவள் நிமிரவில்லை. கால் கட்டை அவிழ்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிளவுஸ் போட்ட கையால் கட்டின் மேலேயே ஈரத்துணியை மெதுவாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னா பொய்யா சொன்ன? நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். ஆமா சார்னு தலையாட்னேன்."

துணியைப் பிழிந்தாள்.

"அவரையே கேட்டிருந்தாலும் கடல்ல எறங்கலன்னுதான்டா சொல்லியிருப்பாரு."

வெளியே யாரோ, மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். அசார் சட்டைக் கையை மடித்துவிட்டு அத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். மக்கை வாளிக்குள் விடப்போனவன் நிறுத்தினான். புறங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தான்.

"சூடு ஜாஸ்தியா கீதும்மா" என்றான்.

எழுந்து போய்க் குழாயில் ஒரு மக்கு பிடித்துவந்து ஊற்றி, கையாலேயே கலக்கினான்.