ஜன்னலுக்குக் கீழே மட்டி

மட்டிச் சிப்பி எடை போடும் கொட்டகை கடலுக்கு மேல் மரத்தூண்களில் நின்றது. எடைக்காரியின் கையில் ஓர் இரும்பு வளையம். அதற்குள் நுழைந்து விழும் மட்டி சின்னது. அதைத் தோண்டிய இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும் என்பது தீவின் சட்டம். யார் அவ்வளவு தூரம் நடப்பது? எல்லாரும் கொட்டகை ஜன்னல் வழியாக எறிந்தார்கள். வருஷக்கணக்கில் எறிந்தார்கள்.

இப்போது விரிகுடாவில் காலையெல்லாம் தோண்டினாலும் கூடையின் அடி மறைவதில்லை. எறிந்ததெல்லாம் வளர்ந்து ஜன்னலுக்குக் கீழேதான் கொழித்துக் கிடந்தது. எடைக்காரிக்கு மட்டும் அது தெரியும். அவை முட்டையிட்டு, குஞ்சுகள் நீரோட்டத்தில் விரிகுடா முழுக்கப் பரவும்வரை யார் கண்ணிலும் படக்கூடாதே என்று யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள்.

பட்டது அவள் கொழுந்தன் கண்ணில். எதையும் முந்திக்கொண்டு அள்ளுவதால் தீவில் அவனுக்கு அகப்பை என்று பட்டப்பெயர். காற்றில் பறந்த தொப்பியை எடுக்க, தண்ணீர் வற்றிய நேரத்தில் கீழே இறங்கியவன் தொப்பி நிறைய மட்டியோடு ஏறி வந்தான். ஒன்றுகூட வளையத்துக்குள் நுழையவில்லை.

"எடை போடுங்க அண்ணி."

அவள் வளையத்தைக் கீழே வைத்தாள். சட்டப்படி மறுக்க வழியில்லை. வாசலை எட்டிப் பார்த்தாள். வரிசையில் அவன் மனைவியின் தம்பிகள், மச்சான்மார் மூவரும் காலிக் கூடைகளோடு நின்றார்கள்.

"போடுறேன் தம்பி. வழக்கம்போல எங்க எடுத்தேன்னு வரிசைக்குக் கேக்குற மாதிரி சொல்லிடு."

நல்ல இடத்தை ஒருவரே அமுக்கிவிடக்கூடாது என்று வந்த வழக்கம் அது. விரிகுடாவைத் துடைத்து எடுத்ததும் அதுதான்.

அகப்பை வாயைத் திறந்தான். வரிசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஒரு ஓடுகூட மிஞ்சாதே."

"மிஞ்சாது."

"வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்னா?"

"உன் பொண்டாட்டி எங்க எடுத்தேன்னு கேக்க மாட்டாளா? அவகிட்ட சொல்றதும் அவ தம்பிங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதானே."

அகப்பை தொப்பிக்குள் பார்த்தான்.

"அப்படியே விட்டா?"

"ரெண்டு வருஷத்துல விரிகுடா பூரா மட்டி."

"அதுல எனக்கு?"

"எல்லாருக்கும் எவ்வளவோ, அவ்வளவு."

"அநியாயம் அண்ணி இது" என்று முனகிக்கொண்டே, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து ஜன்னல் வழியாகப் போட்டான்.

பெரிய மச்சான் உள்ளே வந்தான். "என்ன மச்சான், தொப்பி சொட்டுது?"

"கீழ விழுந்துடுச்சு. அங்க பூரா முள்ளு. கால வச்சா கிழிச்சிடும், யாரும் இறங்காதீங்க" என்று ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் அவள் கொட்டகையைத் திறக்க வந்தபோது அகப்பை முந்திக்கொண்டு நின்றிருந்தான். அவள் பாதங்களில் சேறு இருக்கிறதா என்று ஒருமுறை உற்றுப் பார்த்தான்.

"நீங்க ஒண்ணும் இறங்கலையே அண்ணி?"