காமாலைச் சூடு

"கையைக் கெட்டியாப் பிடிடா! திமிர்றா பாரு," என்று ரெங்கம்மாள் மகனை அதட்டினாள்.

அரவிந்தன் மனைவியின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான். கலைமதிக்கு ஏழாம் மாதம். ஐந்து நாளாக வாந்தி. கண்ணும் நகமும் மஞ்சள் பூத்துவிட்டன. மண்ணச்சநல்லூரில் அவர்கள் தெருக்குழாயில் அந்த மாதம் முழுக்கச் சாக்கடை வாடையோடுதான் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் கெஞ்சாத நாளில்லை. மாமியார் அசையவில்லை. காமாலை வந்தால் சூடு போடுவதுதான் அந்த வீட்டு வழக்கம்.

சூடு போட வந்திருந்த நாட்டு வைத்தியர் ஆண்டி, கரியடுப்பிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்தார். நுனி சிவந்திருந்தது.

"வேணாங்க... வயித்துல புள்ள இருக்குங்க..."

"புள்ளைக்காகத்தான்டி செய்றோம்," என்று ரெங்கம்மாள் ஒரு துண்டைச் சுருட்டி மருமகளின் வாயில் திணித்தாள்.

முதல் சூடு தோளில். இரண்டாவது மேல்வயிற்றில். தோல் பொசுங்கும் நாற்றம் அறையை நிறைத்தது. மூன்றாவதற்காகக் கம்பி மறுபடி நெருப்புக்குப் போனபோது கலைமதி காலால் அடுப்பை எட்டி உதைத்தாள். தணல் சிதறியது. அரவிந்தன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். சுவரில் மோதிச் சரிந்தாள்.

பக்கத்து வீட்டு மணிமேகலை ஓடி வந்தாள். கலைமதியோடு ஒரே ரைஸ் மில்லில் நெல் காய வைக்கிறவள்.

"மனுசங்களாடா நீங்க?"

அரவிந்தன் அவளையும் பிடித்துத் தள்ளினான். நிலையில் இடித்து நெற்றி பிளந்தது. ரத்தத்தைத் துடைக்காமலே அவள் 108க்குப் போன் போட்டாள். ஆண்டி கொல்லைப் பக்கமாக நழுவிவிட்டார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் குழந்தை இறந்தே பிறந்தது. டாக்டர் அல்ஷிஃபா வெளியே வந்து சொன்னதும் அரவிந்தன் அவர் கோட்டைப் பிடித்து உலுக்கினான்.

"எம்புள்ளையக் கொன்னுட்டீங்களேடி!"

இரண்டு காவலாளிகள் அவனை இழுத்துப் போக வேண்டியிருந்தது. டாக்டர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "தண்ணியில வர்ற வைரஸ் இது. கண்ணு மஞ்சளான அன்னைக்கே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். தாயாவது பிழைக்கணும்னு பாத்துக்கிட்டிருக்கேன்," என்று ரெங்கம்மாளிடம் சொன்னார்.

ஆறாம் நாள்தான் கலைமதி தெளிவாகக் கண் திறந்தாள். தீப்புண்ணைப் பற்றி விசாரிக்கப் பெண் போலீஸ் ஒருவர் வந்தார். கட்டிலின் தலைமாட்டில் ரெங்கம்மாள் நின்றிருந்தாள். திரும்பிப் போக அந்த வீட்டை விட்டால் கலைமதிக்கு வேறு இடமில்லை.

"சோறு வடிக்கறப்பப் பட்டுடுச்சுங்க," என்றாள்.

அந்தப் பெண் போலீஸ் அவள் தோளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

பதினைந்தாம் நாள் காலை, கலைமதி மணிமேகலையின் தோளைப் பிடித்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு நடந்தாள். வெளிநோயாளிகள் வரிசையில் முதல் ஆளாக அரவிந்தன் உட்கார்ந்திருந்தான். கண்ணில் லேசான மஞ்சள். ரெங்கம்மாள் அவன் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் டாக்டர் அல்ஷிஃபா.

"இன்னைக்குத்தாம்மா. விடியக்காலையில பாத்தேன், உடனே ஆட்டோ வச்சுக் கூட்டியாந்துட்டேன்."

"அதே வைரஸாத்தான் இருக்கும். பயப்படாதீங்க. திடகாத்திரமா இருக்கற ஆளுங்களுக்குப் பெரும்பாலும் தானாவே சரியாயிடும். மாசமா இருக்கறவங்களுக்குத்தான் இது உயிருக்கே ஆபத்து."

கலைமதி அருகே போய் நின்றாள்.

"அத்தை, இவருக்குச் சூடு போடலயா?"

ரெங்கம்மாள் விழித்தாள். அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

"என்னடி பேசற? ஆம்பளப் புள்ள, அவன் எப்படித் தாங்குவான்?"

அரவிந்தன் தலை குனிந்துகொண்டான். கலைமதிக்கு அழுகை வரவில்லை. மேல்வயிற்றில் கட்டுக்கு அடியில் புண் இழுத்தது. திரும்பி நடந்தாள், வார்டுப் பக்கம் இல்லை.

"எங்கடி போற?" என்றாள் மணிமேகலை.

"வாசல்ல போலீஸ் ரூம் இருக்குல்லக்கா?"

"அவ்வளவு தூரம் நடப்பியா?"

"நடப்பேன்."

அன்று வந்த அதே பெண் போலீஸ்தான் அங்கே இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். கலைமதி உட்காரவில்லை.

"அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. சோறு வடிக்கறப்பப் படல," என்றாள். "எழுதிக்கங்க. கையைப் பிடிச்சவன் எம்புருசன்."